துப்பாக்கி லைசென்ஸும் நம் கேட்டும்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில், தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு விடப்படும் முன் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இந்த இதழில் தரப்படுகிறது.)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் கடைசி இரண்டு தீர்மானங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. ஒன்று, இரவு நேரத்தில் நம் கேட்டில் துப்பாக்கி ஏந்திய காவலாளியை நியமிப்பது. இரண்டு, தற்காப்புக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கும் உறுப்பினர்களுக்குச் சங்கம் சிபாரிசுக் கடிதம் கொடுப்பது. பி பிளாக்கில் பூட்டியிருந்த இரண்டு வீடுகளின் கதவை நெம்பிய சம்பவத்துக்குப் பிறகு வந்த தீர்மானங்கள் இவை. வங்கியில் இருந்த காலத்தில் காவலாளிகளின் லைசென்ஸ் கோப்புகளும் ரொக்கப் பாதுகாப்பும் என் மேஜை வழியாகப் போனவை என்பதால், வாக்கெடுப்புக்கு முன் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தீர்மானங்களைக் கொண்டுவந்தவர்கள் வம்புக்காரர்கள் இல்லை. பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, இங்கே வயதான இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. ராத்திரி காலிங் பெல் அடித்தால் நெஞ்சு படபடக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்குத் துப்பாக்கி சரியான மருந்தா என்பதை மட்டும்தான் நான் பேசப் போகிறேன்.

உரிமை எது, அனுமதி எது

தற்காப்பு வேறு, துப்பாக்கி வேறு. தற்காத்துக்கொள்வது நம் உரிமை. அதை யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. துப்பாக்கி வைத்துக்கொள்வது நம் நாட்டில் ஓர் அனுமதி. கொடுக்கவும் செய்வார்கள், மறுக்கவும் செய்வார்கள், கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் செய்வார்கள்.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா என்றால், கதை கொஞ்சம் நீளம். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த நாளிலிருந்தே, இந்தியன் கையில் துப்பாக்கி என்பது வெள்ளைக்காரனுக்குத் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் ஆயுதம் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டாம் என்பது அதன் சாரம். நம் தலைவர்கள் இதை அவமானமாகவே எடுத்துக்கொண்டார்கள். 1931இல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்றாக இருந்தது. ஆகவே, "ஆயுத உரிமை என்பது அமெரிக்கச் சரக்கு, நமக்குச் சம்பந்தமில்லை" என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. நாமும் கேட்டிருக்கிறோம்.

பிறகு ஏன் அது அரசியல் சட்டத்தில் இல்லை? 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் இந்த உரிமையைச் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. அந்நிய அரசு நம்மை அடிமையாக வைத்திருக்க ஆயுதத்தை மறுத்தது, அதனால் அன்று கேட்டோம். இன்று நிலைமை மாறிவிட்டது, ஆளாளுக்குக் கடைக்குப் போய் ஆயுதம் வாங்கலாம் என்றால் அரசு எப்படி நிர்வாகம் நடத்தும் என்பது அவருடைய வாதம். திருத்தம் தோற்றது. அதன்பின் 1959இல் இப்போதுள்ள ஆயுதச் சட்டம் வந்தது. 2023 பிப்ரவரியில், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி தொடர்பான ஓர் உத்தரப் பிரதேச வழக்கில், அமெரிக்காவைப் போல இங்கே துப்பாக்கி வைத்துக்கொள்வது அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். நியூயார்க் மாநிலத்தில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போக வேண்டுமென்றால், மற்றவர்களைவிடத் தனக்கு விசேஷமான தேவை இருப்பதாகக் காட்ட வேண்டும் என்ற விதி நூறு ஆண்டுக்கு மேல் இருந்தது. 2022 ஜூன் 23 அன்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உரிமை என்று இருந்தால் காரணம் கேட்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பு. நம் ஊரில் காரணம் சொல்லாமல் விண்ணப்பமே நகராது.

லைசென்ஸ் எப்படிக் கிடைக்கும்

21 வயது முடிந்திருக்க வேண்டும். நாம் திருப்பத்தூர் மாவட்டத்தில் வருவதால் திருப்பத்தூர் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2019 நவம்பருக்கு முன் வேலூர் போனவர்கள் இன்னும் வேலூர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விண்ணப்பம் காவல் நிலையத்துக்கு விசாரணைக்குப் போகும். மருத்துவச் சான்று வேண்டும், மனநலமும் அதில் சேரும். துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று வேண்டும். உயிருக்கு என்ன ஆபத்து, யாரால் ஆபத்து என்று சொல்ல வேண்டும். "திருட்டுப் பயமாக இருக்கிறது" என்பது எல்லோருக்கும் பொதுவான காரணம், அதற்குக் கைத்துப்பாக்கி கிடைப்பது கடினம். மறுத்தால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

சட்டம் கேட்பது காவல் நிலைய அறிக்கையை. சங்கத்தின் சிபாரிசுக் கடிதத்தை அது கேட்கவில்லை. நாம் கடிதம் கொடுத்தால் விண்ணப்பதாரருக்கு லாபம் ஒன்றுமில்லை. நாளை அந்தத் துப்பாக்கியால் ஏதாவது நடந்தால், "இவர் நல்லவர், கொடுங்கள்" என்று எழுதிய கையெழுத்து மட்டும் நம்முடையதாக நிற்கும். அடுத்தவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள் இந்த ஊரில் என்ன பாடுபட்டார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

லைசென்ஸ் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம். முன்பு மூன்று. 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவித்துவிட்டால் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். வெளியில் எடுத்துப் போனால் உறையில் வைத்து, முழுவதும் மூடியபடிதான் எடுத்துப் போக வேண்டும். அமெரிக்காவில் மறைத்து எடுத்துப் போகும் உரிமைக்காக வழக்குப் போட்டார்கள். இங்கே 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், எடுத்துப் போவதானால் மறைத்துத்தான் எடுத்துப் போக வேண்டும் என்கின்றன. பொது இடத்தில் வெளியே எடுத்துக் காட்டுவதே தவறு. கல்யாண ஊர்வலத்தில் சந்தோஷத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டாலும், யாருக்கும் ஆபத்து உண்டாகும்படி இருந்தால், 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும்.

விலையையும் பார்த்துவிடுவோம், நான் பி.காம். படித்தவன், அதை விட முடியாது. 2014இல் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று "நிர்பீக்" என்ற சிறிய ரிவால்வரை வெளியிட்டது. டெல்லியில் 2012இல் கொடுமைக்கு ஆளான அந்தப் பெண்ணின் நினைவாக வைத்த பெயர். அரைக் கிலோ எடை. அன்றைய விலையே சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். எந்தப் பெண்கள் பெயரில் அது வந்ததோ, அந்த வேலைக்குப் போகும் பெண்களில் எத்தனை பேரால் அதை வாங்க முடியும்? நம் ஷூ கம்பெனித் தையல் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2025 செப்டம்பரில் ரிவால்வர், பிஸ்டலுக்கான ஜி.எஸ்.டி.யை 28 சதவீதத்திலிருந்து 40 ஆக்கிவிட்டார்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு

துப்பாக்கி அனுமதிதான் என்றால், நம்முடைய உரிமை என்று சொன்னேனே, அது என்ன? பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கின்றன. உங்கள் உடலை, அடுத்தவர் உடலை, உங்கள் சொத்தை, அடுத்தவர் சொத்தைக் காக்க உங்களுக்கு உரிமை உண்டு. உயிர் போகும், படுகாயம் ஏற்படும், பாலியல் வன்முறை நடக்கும், கடத்திக்கொண்டு போவார்கள், ஆசிட் வீசுவார்கள் என்று நியாயமாக அஞ்சும் நிலையில், தாக்குபவனின் உயிரே போனாலும் அது குற்றமாகாது. பிரிவு 38 அதைச் சொல்கிறது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2012இல் மதுரையில், மகளிடம் தவறாக நடக்க முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்ததில் அவன் இறந்துபோனான். அந்தத் தாயைத் தற்காப்பு உரிமையின் கீழ் மாவட்டக் காவல்துறை விடுவித்தது. 2021 ஜனவரியில் சோழவரம் பக்கம், கத்தியைக் காட்டி வன்கொடுமை செய்ய வந்தவனோடு போராடிய 19 வயதுப் பெண்ணின் கையால் அவன் இறந்தான். அவரையும் அதே பிரிவில் விடுவித்தார்கள். இரண்டு பெண்களிடமும் துப்பாக்கி இல்லை, லைசென்ஸும் இல்லை.

2019 ஆகஸ்டில் தென்காசிப் பக்கம் கடையத்தில் நடந்ததை நீங்கள் எல்லோரும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரின் கழுத்தைப் பின்னாலிருந்து துண்டால் இறுக்கினார்கள், கையில் அரிவாள். சத்தம் கேட்டு வெளியே வந்த அவர் மனைவி, கையில் கிடைத்த செருப்பை வீசினார், பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி அடித்தார். விடுபட்ட பெரியவரும் சேர்ந்துகொண்டார். முகமூடிக்காரர்கள் ஓடினார்கள். அந்தச் சுதந்திர தினத்தில் அரசு அவர்களுக்கு வீரதீரச் செயலுக்கான விருது கொடுத்தது. எல்லோரும் அப்படிச் சண்டைக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அந்த அம்மாள் ரிவால்வரைத் தேடி பீரோவைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் யோசியுங்கள். பத்திரமாகப் பூட்டிவைத்த துப்பாக்கி ஆபத்து நேரத்தில் கைக்கு வராது. கைக்கெட்டும் இடத்தில் வைத்த துப்பாக்கி பேரன் கைக்கும் எட்டும்.

துப்பாக்கியால் தற்காத்துக்கொண்டவர்களையும் நீதிமன்றம் விடுவித்திருக்கிறது. பஞ்சாபில் வயல் தகராறில் தன் தந்தையை வெட்டியவனைச் சுட்ட தர்ஷன் சிங்கை, 2010இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. தாக்கப்படும் நேரத்தில் தராசு வைத்து எடைபோட முடியாது என்ற கருத்தை அந்தத் தீர்ப்பு தெளிவாக வைத்தது. சம்பவம் நடந்தது 1991இல், இறுதித் தீர்ப்பு வந்தது 2010இல். இடையில் 18 ஆண்டுக்கு மேல். நியாயம் அவர் பக்கம் இருந்தும் அத்தனை ஆண்டுகள்.

உரிமையின் எல்லை

இந்த உரிமைக்கு எல்லையும் உண்டு. பிரிவு 37இன்படி, தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, அதிகாரிகளிடம் போக நேரம் இருந்தால் உரிமை கிடையாது. சாதாரணத் திருட்டுக்காக ஒருவரின் உயிரை எடுக்க முடியாது. கொள்ளை, இருட்டிய பிறகு வீட்டை உடைத்து நுழைதல், தீ வைத்தல், உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்ற அச்சம் தரும் திருட்டு, இவற்றுக்குத்தான் அந்த அளவு உரிமை. செயினைப் பறித்துக்கொண்டு பைக்கில் ஓடுபவனின் முதுகில் சுட்டால், அவன் மேல் பறிப்பு வழக்கு, உங்கள் மேல் கொலை வழக்கு. அதுவும் பஜார் கூட்டத்தில் குறி தப்பினால், பூ விற்றுக்கொண்டிருக்கும் அம்மாள் மேல் படும்.

எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். குடியிருப்பில் வாழும் நாம் எல்லோரும் மறக்கக் கூடாத சம்பவம். 2011 ஜூலை 3, சென்னை தீவுத்திடல் பக்கம், ராணுவ அதிகாரிகள் குடியிருப்பு. பக்கத்துக் குடிசைப் பகுதியைச் சேர்ந்த 13 வயதுப் பையன், மற்ற பிள்ளைகளோடு மதில் ஏறிக் குதித்து, மரத்தடியில் பாதாம் கொட்டை பொறுக்கினான். குடியிருப்பில் இருந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் மாடியிலிருந்து துப்பாக்கியால் சுட்டார். பையன் இறந்துபோனான். 2012 ஏப்ரலில் அந்த அதிகாரிக்கு ஆயுள் தண்டனை.

அவர் யார்? ஆயுதத்தில் ஆயுள் முழுக்கப் பயிற்சி பெற்றவர். ஒழுங்கும் கட்டுப்பாடும் கற்றுக்கொடுக்கும் பணியில் இருந்தவர். அவருக்கே ஒரு நொடியில் கை தப்பியது. நம்மில் மாதத்துக்கு ஒருமுறை பி.பி. மாத்திரை மாற்றும் ஆட்கள் எத்தனை பேர்? நம் மதிலையும் பிள்ளைகள் ஏறுகிறார்கள். பந்துக்காக ஏறுகிறார்கள், நம் தோட்டத்து நெல்லிக்காய்க்காக ஏறுகிறார்கள். ராத்திரி 11 மணிக்கு பிளாக் மாறி காலிங் பெல் அடிக்கும் டெலிவரிப் பையன்கள் வருகிறார்கள். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, சாவியை மறந்து, ஜன்னல் பக்கம் நின்று அம்மாவைக் கூப்பிடும் பிள்ளைகள் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். பயந்துபோன மனிதன் இருட்டில் ஆளை அடையாளம் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லத் தயக்கமாக இருந்தாலும். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கு மேல். திருடனுக்காக வாங்கிய துப்பாக்கி பல வீடுகளில் வீட்டு ஆளைத்தான் கொண்டுபோயிருக்கிறது. நம் குடியிருப்பிலும் பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், கடனில் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். கெட்ட நேரம் ஒரு ராத்திரியில் கடந்துவிடும், கையில் அது இல்லாமல் இருந்தால்.

நம் ஊர் அனுபவத்தையும் நினைத்துப் பாருங்கள். 2015 ஜூன் 27 இரவு ஆம்பூர் எப்படி இருந்தது என்பது இங்கே பலருக்கு நினைவிருக்கும். நெடுஞ்சாலையில் கல்லும் தீயும். போலீஸ்காரர்கள் உட்பட நிறையப் பேருக்குக் காயம். அந்த இரவில் வீட்டுக்கு ஒரு துப்பாக்கி இருந்திருந்தால், மறுநாள் காலை இந்த ஊர் எந்த நிலையில் விடிந்திருக்கும்? கல் பட்ட காயம் ஆறியது. இன்று ஒரே மாடியில், ஒரே லிப்டில், ரம்ஜான் கஞ்சியும் பொங்கலும் பரிமாறிக்கொண்டு இருக்கிறோம்.

வங்கி சொல்லிக்கொடுத்தது

எங்கள் கிளையில் ஒரு காவலாளி இருந்தார், முன்னாள் ராணுவ வீரர், இரட்டைக்குழல் துப்பாக்கி. மரியாதையான மனிதர். ஆனால் பணத்தைக் காத்தது அந்தத் துப்பாக்கி என்று வங்கி நம்பியதில்லை. ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று ஒருவரிடம், மற்றது இன்னொருவரிடம். ஒருவரை மிரட்டினாலும் கதவு திறக்காது. கவுண்டரில் வைக்கும் ரொக்கத்துக்கு வரம்பு. அலாரம். மாலையில் கணக்கு முடிப்பு. எல்லாவற்றுக்கும் மேல் இன்சூரன்ஸ். துப்பாக்கி கடைசி வரிசையில் நிற்கும்.

அந்தக் காலத்தில் சம்பள நாள் வந்தால் டேனரி, ஷூ கம்பெனி மேனேஜர்கள் பை பையாக ரொக்கம் எடுத்துப் போவார்கள். இங்கிருந்து பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை வரை அதே கதை. பட்டுவாடா நாளில் கம்பெனி ஜீப்புக்கு எப்போதும் பயம்தான். சில முதலாளிகள் ரிவால்வர் லைசென்ஸ் வாங்கியதும் அதற்காகத்தான். இன்று அந்தப் பயம் எங்கே? 2016 பணமதிப்பிழப்பு, அதையொட்டி 2017இல் சம்பளச் சட்டத் திருத்தம், சம்பளம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது. ஜீப்பில் பணம் இல்லை, வழிமறிக்க ஆளும் இல்லை. யாரும் கூடுதலாகத் துப்பாக்கி வாங்கி அந்த ஆபத்தைப் போக்கவில்லை. கொள்ளையடிக்க வேண்டிய பொருளையே வழியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

2021 ஜனவரியில் ஓசூரில் ஒரு தனியார் நகைக்கடன் நிறுவனத்தில் துப்பாக்கி முனையில் சுமார் 25 கிலோ நகையை அள்ளிப் போனார்கள். மறுநாளே ஹைதராபாத் பக்கம் பிடிபட்டார்கள். காட்டிக்கொடுத்தது நகைப் பையில் இருந்த ஜி.பி.எஸ். கருவி. அதே ஆண்டு டிசம்பரில் நம் வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு பெரிய நகைக்கடை. முன்வாசலில் காவல் இருந்தும், திருடன் பின்சுவரைத் துளைத்து உள்ளே போனான், சிங்க முகமூடி போட்டுக்கொண்டு, கேமராவில் பெயிண்ட் அடித்துவிட்டு. சில நாளில் ஆளைப் பிடித்து, ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்திருந்த நகையைப் போலீஸ் தோண்டி எடுத்தது. கேட்டில் எத்தனை துப்பாக்கி நின்றாலும் பின்சுவரை அது பார்க்காது. நம் பி பிளாக்கிலும் வந்தவன் கேட் வழியாக வரவில்லை, விளக்கு எரியாத பின்பக்க மதில் வழியாகத்தான் வந்தான்.

"கெட்டவன் கையில் துப்பாக்கி இருக்கும்போது நல்லவன் வெறுங்கையோடு நிற்பதா?" என்று ஒரு நண்பர் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நம் பகுதியில் திருட வருபவன் பெரும்பாலும் கடப்பாரையோடு வருகிறான், மிஞ்சிப் போனால் கத்தி, அரிவாள். துப்பாக்கி எளிதில் கிடைக்காத ஊர் என்பதால்தான் அப்படி. நாம் ஆளுக்கொன்று வாங்கினால், பூட்டிய வீட்டில் திருடனுக்குக் கிடைக்கும் முதல் பரிசு அதுவாகத்தான் இருக்கும். "போலீஸ் வர நேரமாகுமே" என்பது அடுத்த கேள்வி. உண்மைதான். அந்தப் பத்து நிமிடத்தைக் கடத்த நமக்குத் தேவை உறுதியான கதவு, எரியும் விளக்கு, சத்தம் போட்டால் வெளியே வரும் பக்கத்து வீடு.

உண்மையிலேயே உயிருக்கு மிரட்டல் உள்ள உறுப்பினர் யாராவது இருந்தால், அவர் தன் காரணத்தைச் சொல்லித் தனிப்பட்ட முறையில் விண்ணப்பிக்கட்டும். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. அதை யாரும் தடுக்கவில்லை. அது அவருக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் உள்ள விஷயம்.

என் வேண்டுகோள்

இரண்டு தீர்மானங்களையும் தோற்கடியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். துப்பாக்கிக் காவலாளி வேண்டும் என்று பெரும்பான்மை முடிவு செய்தால், சில கேள்விகளையாவது கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஏஜென்சிக்கு 2005ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு ஏஜென்சிச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா? காவலாளியின் லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கிறதா, தமிழ்நாட்டில் செல்லுமா, தேதி முடிந்துவிட்டதா? கடைசியாக எப்போது சுட்டுப் பயிற்சி எடுத்தார்? லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி பிடிபட்டால் குறைந்தது 2 ஆண்டு சிறை. சங்கத்தின் கேட்டில் அது நடக்க வேண்டாம்.

அந்தப் பணத்தை வேறு விதமாகச் செலவிடலாம். பின்மதில் முழுக்க விளக்கு போடுவோம். கேமராவை ஆள் முகம் தெரியும் உயரத்தில் மாற்றுவோம், பதிவாகிறதா என்று வாரம் ஒருமுறை ஒருவர் பார்க்கட்டும். எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே எச்சரிக்கை மணி, ஒவ்வொரு மாடியிலும் அதற்கான பொத்தான். ராத்திரி வாட்ச்மேனுக்குத் தூங்காமல் இருக்கும்படி எட்டு மணி நேர ஷிப்ட். இப்போது நாம் அவரை 12 மணி நேரம் நிற்க வைக்கிறோம். ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், நகையை லாக்கரில் வையுங்கள். 112, பெண்களுக்கு 181, தமிழ்நாடு காவல்துறையின் "காவல் உதவி" செயலி, இவை எல்லோர் போனிலும் இருக்கட்டும். வேலை முடிந்து இருட்டில் வரும் சகோதரிகள் மிளகு ஸ்பிரே வைத்துக்கொள்ளலாம், அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. மெயின் ரோட்டிலிருந்து நம் கேட் வரை விளக்கு கேட்டு நகராட்சிக்கு எழுதிய மனு என்ன ஆனது என்று செயலாளர் இன்றே சொல்ல வேண்டும்.

தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு எதிர் வீட்டுச் சாவி ஏற்பாடு ஒன்றைச் செய்வோம். ராத்திரி ஒன்பதரைக்கு எதிர் வீட்டிலிருந்து ஒரு போன், காலை ஏழு மணிக்கு ஒரு போன். எடுக்கவில்லை என்றால் போய்ப் பார்க்க வேண்டும். ஸ்ட்ராங் ரூமின் இரண்டு சாவி மாதிரிதான். ஒரு வீட்டின் பாதுகாப்பு இரண்டு வீட்டுப் பொறுப்பு. ஏ பிளாக்கில் இதற்குப் பெயர் கொடுப்பவர்கள் இன்றே என்னிடம் கொடுக்கலாம், நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன்.

வாக்கெடுப்பு தொடங்கலாம்.